பூந்தமல்லியும் ஆறு புள்ளிகளும்

பூந்தமல்லின்னா நம்ம மக்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் ஸ்டாண்டு, ட்ராஃபிக், பைபாஸ் ரோடு.... எனக்கு முதல்ல வர்றது அங்கே இருக்கிற பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளிதான். அந்தப் பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கிற எழுத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு.

லூயி பிரெய்ல் 1809-ல் பாரிஸ் பக்கத்துல ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைக்கிறவர். மூணு வயசுல அப்பாவோட பட்டறையில் விளையாடும்போது தோல் குத்துற ஊசி கண்ணுல பட்டுச்சு. புண் அடுத்த கண்ணுக்கும் பரவி, அஞ்சு வயசுக்குள்ள ரெண்டு பார்வையும் போச்சு.

பாரிஸில் படிக்கும்போது, பார்பியர் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கின 12 புள்ளி முறை அவருக்கு அறிமுகமாச்சு. ஒரு விரல் நுனிக்குள்ள அடங்காத முறை அது. லூயி அதை ஆறு புள்ளியாக் குறைச்சார். அப்போ அவருக்கு வயசு 15! 1829-ல் புத்தகமாவும் போட்டார். ஆனா அவர் படிச்ச பள்ளியே 1840-களில் அதுக்குத் தடை போட்டது. மாணவர்கள் ஒளிச்சு வெச்சு எழுதினாங்க. 1852-ல் காசநோயால் அவர் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சுதான் பிரான்ஸ் அந்த முறையை ஏத்துக்கிட்டது.

நம்ம நாட்டில் ஆளுக்கொரு பிரெய்ல் முறை வெச்சிருந்தாங்க. 1951-ல்தான் எல்லா மொழிக்கும் பொதுவா பாரதி பிரெய்ல் வந்தது. முதல் புள்ளி மட்டும் இருந்தா 'அ'. 'கொ' எழுத முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு காலெல்லாம் கிடையாது. 'க' போட்டு 'ஒ' போட்டா முடிஞ்சது. நம்ம எழுத்தை விட சுலபம் :-)

"கண் போனதாலதான் அவர் பெரிய ஆளானார், எல்லாம் நன்மைக்கே"ன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. போன கண் போனதுதான், அதுல என்ன நன்மை? துன்பத்துக்குள்ள அர்த்தம் எதுவும் ஒளிஞ்சிருக்கிறதா நான் நினைக்கலை. கண்ணைப் பறிச்சது ஒரு கூர்முனை. அதே மாதிரி ஒரு கூர்முனையைக் கையில் எடுத்து அவர் எழுதினார் பாருங்க, அர்த்தம் அங்கேதான் வந்தது.

பிரெய்ல் பலகையில் தாளை வெச்சு வலமிருந்து இடமாக் குத்தணும். குத்தும்போது பள்ளம்தான் விழும். தாளைத் திருப்பினாத்தான் அது மேடாகி எழுத்தாகும். பூந்தமல்லிப் பிள்ளைகளுக்கு இது தினசரி வேலை. நமக்குத்தான் ஒரு பள்ளம் விழுந்ததுமே தாளைக் கசக்கிப் போடுற அவசரம்.