சக்கரங்களின் கதை – 14: கோவைப் பட்டறையில் பிறந்த பந்தயக் கார்

கண்டிக்கு அருகே உள்ள ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் மேல்தளத்துத் தேநீருக்கும் மலைக்காட்சிக்கும் விரைவார்கள். எனக்குக் கீழ்த்தளத்தை விட்டு நகர மனம் வராது. 1925இல் எழுந்த ஹந்தானைத் தொழிற்சாலைக் கட்டடம்தான் 2001இல் அருங்காட்சியகமானது. பல தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த பழைய என்ஜின்களும் கொழுந்து அரைக்கும் உருளைகளும் அங்கே நிற்கின்றன. அவற்றில் பல சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால், புதியது வந்து சேரும்வரை பறித்த கொழுந்து காத்திருக்காது. கையில் கிடைத்ததை வைத்து என்ஜினை மறுபடி முழங்க வைத்த கைகளைத்தான் அங்கு நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கார்ப் பந்தயமும் நம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. நுவரெலியா மகாகஸ்தோட்டையில் 1934இலேயே மலையேற்றப் பந்தயம் தொடங்கிவிட்டது. ஆனால் பந்தயம் ஓட்டுவது வேறு, பந்தயக் காரையே செய்வது வேறு. அந்த இரண்டாவது வேலையில் இறங்கிய தமிழர் ஒருவரைத் தேடினால், கடல் கடந்து கோயம்புத்தூருக்குப் போக வேண்டும்.

சுந்தரம் கரிவர்தன், 1954இல் பிறந்தவர். பந்தய வட்டாரத்தில் ‘கரி’ என்றால் போதும். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்த காலம் அது. வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் இறக்குவதென்றால் உரிமமும் வேண்டும், தலைசுற்றும் சுங்க வரியும் கட்ட வேண்டும். வசதியுள்ள சிலர் ஓட்டுவார்கள். திறமை மட்டுமே உள்ளவன் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். கரி நினைத்திருந்தால் தன் ஒருவனுக்கு மட்டும் நல்ல கார் தேடிக்கொண்டு நின்றிருக்கலாம். அவர் மற்றவர்களும் ஓட்டுவதற்குக் கார் செய்தார். இந்தத் தொடரில் அவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியதற்குக் காரணம் இதுதான்.

1983 இறுதியில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. ஊரெல்லாம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போன அந்தச் சின்னக் காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜினைத்தான் கரி எடுத்தார். மாருதியில் முன்பக்கம் இருக்கும் அந்த என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். என்ஜினின் எடை பின்சக்கரங்களின் மேல் அமர்ந்தால், உந்தும் சக்கரம் தரையை விடாமல் பிடிக்கும். ஓட்டுநர் கிட்டத்தட்ட படுத்த நிலையில் தரையை ஒட்டி இருப்பார். வளைவில் கார் எளிதில் சாயாது.

சட்டகம் எஃகுக் குழாய்களால் ஆனது. அதன் சூட்சுமத்தை வீட்டிலேயே பார்க்கலாம். நான்கு ஈர்க்குச்சிகளை நூலால் கட்டிச் சதுரமாக்கி மூலையை அழுத்துங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஐந்தாவது குச்சியைக் கட்டிப் பாருங்கள், அசையாது. சதுரம் இரண்டு முக்கோணமாகிவிட்டது. மெல்லிய குழாய்களைக் கொண்டு, எடை கூடாமல் உறுதியைக் கூட்டும் வழி இது.

1988இல் வந்த அந்தக் காருக்கு ஃபிஸ்மே என்று பெயர். மக்கள் வாயில் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால், முந்துகிறவன் பணத்தால் முந்தவில்லை, கையாலும் காலாலும் முந்தினான் என்று துணிந்து சொல்ல முடிந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தளம் திறந்தது. அங்கே ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகிய கோவைப் பையன் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 களம் கண்ட முதல் இந்தியர். அந்த ஆண்டு அமெரிக்காவில் நான்காவதாக வந்தார். டயர்ப் பிரச்சினையால் பலர் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடிய பந்தயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதைப் பார்க்கக் கரி இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்டியிலோ ஹந்தானையிலோ நுவரெலியாவிலோ, உங்கள் தகப்பனாரோ பாட்டனாரோ பந்தயக் கார்களுக்குப் பட்டறை வேலை செய்திருந்தால் அந்தக் கதையை எழுதி அனுப்புங்கள். படம் இருந்தால் பிரதி போதும். ஓட்டியவர்களின் பெயர்கள் கோப்பைகளில் இருக்கின்றன. திருத்திக் கொடுத்தவர்களின் பெயர்களும் இந்தத் தொடரில் வர வேண்டும்.