வயிற்றுச் சுற்றளவு என்னும் எண்

மலையக ரயில் பாதையில் தலவாக்கலையை அடுத்து வருவது வட்டகொடை. அங்குள்ள தோட்டத்துப் பெண்ணொருத்தி முப்பத்து நான்காம் வாரத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்புகிறாள். தாளில் 'வயிற்றுச் சுற்றளவு குறைவு' என்றிருந்தால் அன்றிரவு அந்த லயக் காம்பிராவில் உறக்கம் ஏது? அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு.

கிளாஸ்கோவின் மகப்பேற்றுப் பேராசிரியர் இயன் டொனால்ட், போர்க்காலத்தில் விமானப்படையில் பணியாற்றியவர். 1955இல், அறுவையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியால் அவற்றைச் சோதித்தார். (ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டும் இருந்ததாம்!) 1958இல் மக்விகார், பிரௌன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 'லான்செட்' இதழில் வெளியானது. வயிற்றுச் சுற்றளவைக் கொண்டு சிசுவின் எடையைக் கணிக்கும் முறை 1975இல் வந்தது. உணவு குறைந்தால் சிசு தலையைக் காத்துக்கொள்ளும். ஈரலில் சேமிப்புக் குறைந்து வயிறுதான் முதலில் சுருங்கும்.

இன்றும் பல கருவிகள் பயன்படுத்தும் வளர்ச்சி அட்டவணையை 1991இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் ஹாட்லொக். ஹூஸ்டன் நகரின் 392 பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வர்க்க வெள்ளையர், அதற்கு அடிப்படை. கொழுந்துக் கூடை சுமந்தவளின் பிள்ளையை அந்தக் கோட்டில் நிறுத்துவது சரியா?

'எங்கள் பெண்கள் சிறியவர்கள், பிள்ளையும் சிறியதுதான்' என்று ஆறுதல் சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாக்பூர் உட்பட எட்டு இடங்களில், நல்ல உணவும் கவனிப்பும் பெற்ற பெண்களின் சிசுக்கள் ஏறத்தாழ ஒரேவிதமாக வளர்கின்றன என்று 2014இல் ஓர் ஆய்வு கூறியது. நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு என்றது 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் இலங்கையில் எடை குறைந்த பிறப்புகள் தோட்டப்புறங்களிலேயே அதிகம் என்பதில் ஐயமில்லை. தலைமுறைகளாகக் குறைவாக உண்ட தாய்மாரின் உடலில் எழுதப்பட்ட கணக்கு அது. இனத்தின் இயல்பென்று தள்ளிவிடத்தக்கதன்று.

மறுபுறம், ஒரு ஸ்கேன் தீர்ப்புமன்று. கணித்த எடை பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை பிசகக்கூடும்: 2,000 கிராம் என்றால் 1,700ஆகவும் இருக்கலாம், 2,300ஆகவும் இருக்கலாம். ஆகவேதான் இரண்டு வாரமேனும் விட்டு மீண்டும் அளக்கிறார்கள். எண்ணைவிட அது வளர்ந்ததா என்பதே முக்கியம். கொப்பூழ்க்கொடியில் இரத்தம் ஓடும் விதத்தை டொப்ளர் முறையில் பார்க்கிறார்கள். மருத்துவமாது நாடாவால் வயிற்றை அளந்து அட்டையில் குறித்துவரும் எண்களும் சாட்சியாகின்றன. கிளினிக்குக்கு அந்த அட்டையை மறவாது கொண்டுபோக வேண்டும். சிசுவின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் இரண்டு வாரக் கணக்கு செல்லாது. மழையோ இருட்டோ, அன்றே வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போயாக வேண்டும்.