கல்விக்குச் சென்ற கப்பலும் காட்டுக்குச் சென்ற ரயிலும்

அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்தில் பயிலுதல் இன்று பெருமையாகப் பேசப்படுகிறது. மலேசியாவில் 1982ஆம் ஆண்டு கிழக்கு நோக்கும் கொள்கை வகுக்கப்பட்ட நாள்தொட்டு, ஜப்பானுக்குச் சென்று கற்றுத் திரும்பிய இளைஞர் அநேகர். ஆயின் அவ்வழி 1982இல் புதிதாக வெட்டப்பட்டதன்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகட்கு முன்பே, யுத்த காலத்தில், இந்நாட்டு மாணவர் சிலர் அதில் நடந்தனர். அச்சரித்திரத்தின் மறுபக்கத்தில் நம் தோட்டத்து மக்களும் நிற்கின்றனர்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் தோக்கியோவில் பெருங் கிழக்காசிய அமைச்சகம் நிறுவப்பட்டது. 1943இலும் 1944இலும் மலாயா, சுமத்திரா, ஜாவா, பர்மா, பிலிப்பைன்ஸ், போர்னியோ முதலிய நாடுகளினின்று ஏறத்தாழ 200 இளைஞர், "தென்திசைச் சிறப்பு மாணவர்" என்னும் பெயரால் ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பலர் அரச குலத்தாரின் மக்கள். உயர் குடும்பத்துப் பிள்ளைகள். தோக்கியோவில் ஜப்பானிய மொழி பயின்ற பின், பல ஊர்க் கலாசாலைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர்.

இதனை இக்காலத்து மாணவர் பரிமாற்றத்தோடு ஒப்பிடலாகாது. பரிமாற்றமெனில் இரு திறத்தாரும் கொடுத்துக் கொள்ளுதல் வேண்டும். இங்கோ வென்றவர் கற்பிக்க, ஆளப்பட்டவர் கற்றனர். நாளை தென்னாடுகளில் ஜப்பானுக்கு உகந்த தலைவர்களை உருவாக்குதலே அரசின் நோக்கம்.

அம்மாணவருட் சிலர் ஹிரோஷிமாவில் பயின்றனர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அந்நகர்மீது அணுகுண்டு வீழ்ந்தது. கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோப் அதற்கு இரையானார். ஜொகூரைச் சேர்ந்த சையது ஓமார், தோக்கியோ செல்லும் வழியில் நோய் முற்றிக் கியோட்டோவில் இறங்கி, செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஆங்கே மருத்துவமனையில் உயிர் நீத்தார். பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரசாக், வகுப்பறை இடிந்து வீழ்ந்தும் பிழைத்தார். ஓமாரின் கல்லறை கியோட்டோவின் என்கோஜி ஆலயத்தில் இருக்கிறது. யூசோப்பின் கல்லறை ஹிரோஷிமாவின் இட்சுகாய்ச்சிப் பகுதியில் இருக்கிறது. அந்நாட்டு மக்களே அவற்றைப் பேணி வருகின்றனர்.

நிற்க. அதே 1943இல் அதே ஆட்சி நம்மவரை எங்கே அனுப்பியது? தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை காட்டையும் மலையையும் பிளந்து இடப்பட்டது. 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. மாண்டவருட் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. லயத்தில் காத்திருந்த மனைவிக்கும் மக்களுக்கும், அவர் எந்நாளில் எவ்விடத்தில் இறந்தார் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

ஒரு கை புத்தகத்தை நீட்டிற்று. மறு கை மண்வெட்டியை நீட்டிற்று. கை இரண்டாயினும் உடல் ஒன்றே. எவன் எதற்குப் பயன்படுவான் என்று கணக்கிட்டவர், பால்மரம் வெட்டுவோன் மகனுக்கும் படிப்பு வரும் என்று எண்ணியவரல்லர். அக்கணக்கு ஜப்பானியர் புதிதாகப் போட்டதுமன்று. நம்மைத் தோட்டத்திற்குக் கொணர்ந்த வெள்ளையர் ஆட்சியும் அதே ஏட்டைத்தான் வைத்திருந்தது.

எனினும் கல்வி, கொடுத்தவன் கருத்துக்கு அடங்கி நிற்பதன்று. பேரரசுக்கு ஊழியராகும்படி அனுப்பப்பட்ட அப்துல் ரசாக், அப்பேரரசு வீழ்ந்த பின் தாய்நாடு திரும்பி ஆசிரியரானார். கிழக்கு நோக்கும் கொள்கை வந்தபோது, ஜப்பான் செல்லும் மாணவர்க்கு அந்நாட்டு மொழியைக் கற்பித்தவருள் அவரும் ஒருவர். ஆள்வதற்கென விதைத்த விதை, பிறரை வாழ்விக்கும் பயிராயிற்று.

இன்று ஜப்பானுக்குச் சென்று கற்கும் வாய்ப்பைத் தேடி விண்ணப்பிக்க உயர்குடிப் பிறப்பு வேண்டுவதில்லை. ஆனால் விண்ணப்பம் உண்டு என்பதே தெரியாத வீடுகள் நம்மிடையே எத்தனை! கணிதமும் விஞ்ஞானமும் கைவரப்பெற்ற பிள்ளையை, "நமக்கேன் அத்தூரம்" என்று தடுக்கும் பெற்றோர் எத்தனை பேர்! சயாமுக்கு ஏற்றிச் சென்றபோது தூரம் யாரையும் கேட்கவில்லை. நம் பாட்டன்மாரை விருப்பமின்றித் தொலைவுக்கு அனுப்பிய நாடு இது. அவர்கள் பேரப் பிள்ளைகள் விரும்பித் தொலைவுக்குச் செல்லட்டும். பெயர் பொறிக்கப்படாத அம்மக்களுக்கு நாம் நாட்டக்கூடிய கல் அதுவே.