வாசம் பற்றும் இலை: சோழமண்டலக் கரையில் சுருட்டும் அதைப் பேணிய முறையும்

புகையிலை பாடம் செய்து முடித்த பிறகும் அடங்கிவிடாத இலை. சூழ்ந்திருக்கும் காற்று ஈரமாக இருந்தால் அதை இழுத்துக்கொள்ளும், வறண்டிருந்தால் தன்னிடம் உள்ளதை விட்டுவிடும். பக்கத்தில் மணமுள்ள பொருள் எது இருந்தாலும் அதன் வாசத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். சுருட்டை மாதக்கணக்கில் வைத்திருந்து புகைக்கும் பழக்கம் பரவியபோது, உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காட்டுக்குள் நிறுத்தி வைக்கும் மூடிய மரப்பெட்டி தேவைப்பட்டது. உலகச் சந்தையில் அதற்கு ஹியூமிடார் என்று பெயர். ஈரத்தைக் காப்பது அப்பெட்டியின் எளிய வேலை. ஒரே பெட்டிக்குள் இருக்கும் பல வகைச் சுருட்டுகள் தத்தம் வாசத்தை இழந்து ஒரே வாசமாகிவிடாமல் காப்பதே கடினமான வேலை. சுருட்டு என்ற சொல்லையே உலகுக்குத் தந்த தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு நெடிய வரலாறு உண்டு. ஆனால் சுருட்டின் வரலாற்றை எழுதுவோர் செய்தவரையும் புகைத்தவரையும் பற்றி எழுதும் அளவுக்கு, இவ்விருவருக்கும் இடையில் அது காத்திருந்த காலத்தைப் பற்றி எழுதுவதில்லை.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு கடினமானது என்பதைப் பழவேற்காட்டுக் கரை நன்றாகக் காட்டும். ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உவர்நீர் ஏரியும் சூழ்ந்த பழவேற்காட்டிலும், பொன்னேரியிலிருந்து வரும் சாலையில் அதற்கு முன்னதாக உள்ள திருப்பாலைவனத்திலும், ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்களிலும் காற்று ஈரம் சுமந்தே வீசும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் அடுக்களைச் சாடியில் இருக்கும் உப்பே கசிந்து நீர்விடும். உப்பு அவ்வாறு கசிவதற்கு ஒரு கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். ஆகவே உப்புச் சாடி நீர்விடும் வீட்டில், சுருட்டுக்கு ஆகும் அளவைவிட ஈரம் மிஞ்சிவிட்டது என்று கருவி எதுவும் இல்லாமலே அறியலாம். ஈரப்பதப் பெட்டி வைத்திருப்போர் இதே கணக்கைத் திருப்பிப் பயன்படுத்துகின்றனர்: சிறு மூடியில் உப்பை இட்டு, அது கரைந்துவிடாமல் குழைந்து நிற்கும் அளவுக்கு நீர் தெளித்து, ஈரமானியோடு சேர்த்து ஒரு சிமிழில் அடைத்துவைத்தால், சில மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிலைக்கும், அப்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கருவியின் பிழையை அறிந்துகொள்கின்றனர்.

ஈரத்தை அடுத்து வாசம். வாசலில் மீன் உலரும் குப்பத்து வீட்டில், கருவாட்டுக் கூடையும் புகையிலையும் ஒரே பரணில் சில நாள் இருந்தால் புகையிலையே கருவாடாக மணக்கும். எளிய மக்கள் புகையிலையையும் வெற்றிலையையும் இட்டுவைத்த பனையோலைப் பெட்டி காற்று புகுந்து வெளியேறும் பின்னல் கொண்டது. அது பூஞ்சணத்தை ஓரளவு தடுக்குமே தவிர வாசத்தைத் தடுக்காது. பழவேற்காட்டில் லப்பை முஸ்லிம் பெண்கள் இன்றும் வளர்த்துவரும் பனையோலைப் பின்னல் கலை, காற்று எளிதில் புகும் இத்தகைய கொள்கலன்கள் இக்கரையின் வாழ்வோடு எவ்வளவு ஒன்றியவை என்பதை நினைவூட்டும். இங்கே சுருட்டைக் காக்க ஒரே வழி அதைச் சேர்த்துவைக்காமல் இருப்பதுதான். அன்றாடம் வாங்கி அன்றாடம் புகைத்த கரையோர வழக்கத்தை வறுமையால் மட்டும் விளக்கிவிட முடியாது, தட்பவெப்பமும் அதற்குக் காரணம் என்றே கொள்ள வேண்டும்.

இக்கரையில் சுருட்டுப் புகைக்கும் வழக்கம் பழையது. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையை எழுப்பி, 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்குமான தலைமையிடமாக அதை வைத்திருந்தனர். இங்கிருந்து துணிகள் பர்மாவின் பெகுவுக்கும் இந்தோனேசியத் தீவுகளுக்கும் சென்றன. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த புகையிலை அந்நூற்றாண்டுக்குள்ளாகவே இக்கரையில் வேரூன்றிவிட்டது. 1669 முதல் 1679 வரை வங்கக் கடல் நாடுகளில் வணிகம் செய்த தாமஸ் பௌரி என்ற ஆங்கிலேயர், தமிழரும் தெலுங்கருமான ஏழை மக்கள் இலையை அப்படியே சுருட்டி, ஒரு நுனியில் தீயிட்டு மறு நுனியை உதட்டில் பொருத்திப் புகைப்பதைக் குறித்துவைத்து, போர்ச்சுகீசியர் அதற்கு வழங்கிய பெயரையும் எழுதியிருக்கிறார். சுருட்டு என்ற தமிழ்ச் சொல்லின் திரிபே அது. ஆங்கிலத்தின் ‘செரூட்’ இதிலிருந்து வந்தது என்பதை யூலும் பர்னெலும் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவுசெய்தது. இரு முனைகளும் வெட்டப்பட்டு, ஒரே பருமனாக இருப்பது செரூட். ஒரு முனை மூடியும் கூம்பியும் இருப்பது ஹவானா வகைச் சுருட்டு.

பழவேற்காட்டின் உவர்மண் புகைக்கும் இலைக்கு ஏற்றதன்று. மண்ணிலும் பாசன நீரிலும் குளோரைடு மிகுந்தால் இலை நன்றாக எரியாது, அணைந்து அணைந்து போகும்; காற்றின் ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும். கடலோர வேதாரண்யம் மெல்லும் புகையிலைக்குப் பெயர் பெற்றதும், சுருட்டு இலை கடலிலிருந்து விலகிய திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் நிலைத்ததும் இந்த வேறுபாட்டோடு பொருந்துகின்றன. அங்கே அறுவடையான இலை வெயிலிலும் நிழலிலும் உலர்ந்த பின் போராக அடுக்கப்பட்டது. போருக்குள் இலை தானாகச் சூடேறும். சூடு அளவு மீறினால் இலை வெந்து கருகும் என்பதால் போரைப் பிரித்து, உள்ளே இருந்தது வெளியேயும் வெளியே இருந்தது உள்ளேயும் வருமாறு திரும்பத் திரும்ப மாற்றி அடுக்குவார்கள். இந்த நொதிப்பில்தான் பச்சை நெடி போய், மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வெளியேறி, இலைக்குரிய மணம் கூடுகிறது. பாடம் செய்தல் என்ற சொல் இந்த உழைப்பு முழுவதையும் குறிக்கும். எத்தனை நாளில் எந்தச் சூட்டில் பிரிப்பது என்பதைக் கையை உள்ளே விட்டுப் பார்த்தே முடிவு செய்த தொழிலாளரின் அறிவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

பாடமான இலை திருச்சிராப்பள்ளிக்கும் அதை ஒட்டிய உறையூருக்கும் சென்று சுருட்டானது. நரம்பு நீக்கிய உள் இலை, அதைக் கட்டி நிறுத்தும் இடை இலை, எல்லாவற்றையும் போர்த்தும் மேல் இலை என மூன்று அடுக்குகள் கொண்ட சுருட்டில், மேல் இலைக்கு மெல்லிய, கிழியாத, நரம்பு தெரியாத இலை வேண்டும். உயர் வகைகளுக்கு அதை ஜாவாவிலிருந்தும் சுமத்திராவிலிருந்தும் வரவழைத்ததுண்டு. சென்னையின் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. விக்டோரியா காலத்தில் திருச்சிச் சுருட்டு இங்கிலாந்தில் எவ்வளவு பழகிய பொருளாக இருந்தது என்பதற்குக் கோனன் டாயிலின் கதைகளே சான்று: 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் புதினத்தில் துப்பறிவாளர் திருச்சிச் சுருட்டை அதன் சாம்பலைக் கொண்டே அடையாளம் காண்கிறார், 1890-இல் வந்த அடுத்த புதினத்தில் கோதாவரி ஆற்றுத் தீவுகளில் விளையும் இலையால் செய்த லங்காச் சுருட்டும் இடம்பெறுகிறது.

இலண்டன் வரை போகும் சுருட்டு மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில், என்னென்ன சரக்குகளின் பக்கத்திலோ கிடக்க வேண்டியிருந்தது. பனையோலைப் பெட்டியும் கட்டும் போதாமல், மரப்பெட்டி இன்றியமையாததானது இந்தப் பயணத்தால்தான். பெட்டிக்கு எந்த மரம் என்பது சிறிய கேள்வி அன்று. பிசின் கசியும் மரமும் கடுநெடி கொண்ட மரமும் சுருட்டைக் கெடுத்துவிடும். நெடியே இல்லாத மரமானால் புழுக்கத்தில் தானே பூசணம் பூத்து அந்த நாற்றத்தை ஏற்றும். கியூபர்கள் ஸ்பானிஷ் சீடர் என்ற மரத்தைத் தேர்ந்தனர். பெயரில் சீடர் இருந்தாலும் அது தேவதாரு இனமன்று, வேம்புக் குடும்பத்து மரம். அதே குடும்பத்தில் நம் மலைக்காடுகளில் வளர்வது சந்தன வேம்பு. வடக்கே தூன் என்று வழங்கும் இந்தச் சிவந்த, இலேசான, இளமணம் கொண்ட மரம் இந்தியாவில் சுருட்டுப் பெட்டிக்குப் பெயர் பெற்றது. அட்லாண்டிக்கின் அக்கரையிலும் வங்கக் கடலின் கரையிலும் ஒரே குடும்பத்து மரம் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தது தற்செயலன்று: ஈரத்தை வாங்கி மெல்ல விடும் தன்மையும், புகையிலையோடு இணங்கிப் போகும் மணமும் இரண்டுக்கும் பொது. சுருட்டு வண்டு என்று அழைக்கப்படும் சிறு பழுப்பு வண்டை இம்மணம் முற்றாக விரட்டிவிடாது. அதன் முட்டை பொரிக்க ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் போதும் என்பதால், தமிழகச் சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி அதற்குச் சாதகமே. ஊசி நுழையும் அளவுத் துளை ஒன்று மேல் இலையில் தெரிந்துவிட்டால், அந்தப் பெட்டியில் உள்ள அத்தனை சுருட்டையும் ஐயுற வேண்டியதுதான்.

வகை கலவாமை என்ற கேள்வி தமிழர் வாழ்ந்த இடங்களில் எவ்வளவு கூர்மையானது என்பது, வங்கக் கடலைச் சுற்றிய சுருட்டு வகைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும். திருச்சிச் சுருட்டு இலையின் சொந்த மணத்தை மட்டுமே நம்பியது. யாழ்ப்பாணத்தில் இலையைக் குடிலில் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டைப் புகை ஏற்றினர். கோடா எனப்படும் மணமூட்டிய கரைசலில் பதமாக்கிய கோடாச் சுருட்டும் அங்கே உண்டு. பர்மாச் சுருட்டில் நம் நறுவிலியின் இனத்து இலையே மேல் இலை. உள்ளே புகையிலையோடு மரச் சீவல் கலந்து, புளியும் வெல்லமும் சேர்த்துப் பதமாக்கினர். கோடாவோ வெல்லமோ ஏறிய சுருட்டைத் திருச்சிச் சுருட்டோடு ஒரே பெட்டியில் இட்டால், சில வாரங்களில் திருச்சிச் சுருட்டு தன் குணத்தை இழந்துவிடும். மணமூட்டிய சுருட்டு இனிய வாசத்தைக் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறது, மணமூட்டாதது அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில். இழப்பு எப்போதும் எளிய சுருட்டுக்கே. பெட்டியின் மரமும் அந்த வாசத்தைக் குடித்துவிடுவதால், சுருட்டை எடுத்த பிறகும் அடுத்து வைப்பதற்கு அது தொற்றும். மணமூட்டிய வகைக்குத் தனிப் பெட்டி என்பது தவிர வேறு தீர்வு இன்றுவரை இல்லை. மணமூட்டாதவற்றுக்குள் பிரிவினை சற்றுத் தளர்வானது: காட்டமான லங்காவும் மென்மையான வகையும் ஒரே பெட்டியில் இருக்கலாம், நடுவே மரத் தடுப்பு இருந்தால் போதும். ஆனால் புதிதாகச் சுருட்டியதில் எஞ்சிய அம்மோனியா அடங்கும் வரை அதைப் பழகியவற்றோடு வைக்கலாகாது.

வாசம் கலவாமல் பிரித்துவைக்கும் இந்தத் தேவை சரக்குப் போக்குவரத்திலும் இருந்தது. கோதாவரி, கிருஷ்ணா கால்வாய்களோடு இணைந்து, பழவேற்காட்டு ஏரி வழியாகச் சென்னைக்கு வந்த பக்கிங்காம் கால்வாய், லங்கா இலை விளையும் தீவுகளையும் இந்தக் கரையையும் ஒரே நீர்வழியில் கோத்தது. உப்பும் விறகும் தானியமும் படகுகளில் அடுத்தடுத்து வந்த அவ்வழியில், எந்தச் சரக்கை எதன் பக்கத்தில் அடுக்குவது என்பது படகோட்டிக்கு அன்றாட அறிவு.  

சிகரெட்டும் பீடியும் பரவப் பரவச் சுருட்டின் காலம் சுருங்கியது. சுருட்டுப் புகையிலைக்கென 1948-இல் வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டும் உறையூரின் கைத்தொழில் மீளவில்லை. 1900-இல் தொடங்கிய பென் தாம்சன் போன்ற மிகச் சில நிறுவனங்களே நெடுங்காலம் தாக்குப்பிடித்தன. தொழில் சுருங்கியதற்காக வருந்தும்போதும், ஆந்திரக் கடலோரப் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைத்ததால் அண்ணத்தில் புற்றுநோய் கண்டதை மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்திருப்பதை மறந்துவிட இயலாது.

இன்று சுருட்டைத் தவறாமல் கேட்டு வாங்குவோரில் பெரும்பகுதியினர் கருப்பசாமிக்கும் மதுரை வீரனுக்கும் முனீசுவரனுக்கும் படைப்பவர்கள். பூசைப் பொருள் கடையில் அது கற்பூரத்துக்கும் ஊதுவத்திக்கும் சாம்பிராணிக்கும் நடுவே, காகிதம் சுற்றிய கட்டாகக் கிடக்கிறது. கற்பூரம் உருகாமலே ஆவியாகிப் பரவும் பொருள் என்பதால், ஒரு வாரம் அங்கே இருந்த சுருட்டை முகர்ந்தால் முதலில் வருவது கற்பூரம், பிறகு ஊதுவத்தி, அதற்கும் அடியில் மெல்லியதாகத் திண்டுக்கல் இலை.