சோற்றில் பாதி



"நான் வளர்க்கும் பிராணி" என்று கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "நாய் நன்றியுள்ள பிராணி. அது வீட்டைக் காக்கும். பூனை எலியைப் பிடிக்கும்." நாற்பது ஏட்டிலும் இதே மூன்று வரிதான். ஆசிரியர் வேலையில் இருந்த காலமெல்லாம் இதைத் திருத்தித் திருத்தி என் சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். வரிகளில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் காவலுக்கும் எலிக்கும்தான் பிராணி என்றால், பல் விழுந்து கண் மங்கிய கிழட்டு நாய்க்கு ஏன் சோறு போடுகிறோம்? எலியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் பூனையை ஏன் மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம்? சற்றே எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு பேச்சும் நம்மிடையே உண்டு. "நமக்கே கஞ்சிக்கு வழியக் காணோம், இதுல நாய் ஒரு கேடா?" என்பார்கள். பிராணி வளர்ப்பது பங்களாவில் இருக்கும் துரைமாருக்கு உரிய பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம் லயங்களில் நெடுநாள் இருந்தது. துரை வீட்டு நாய் தின்ற இறைச்சியை நம் பிள்ளைகள் தின்னாத காலம் அது. ஆகவே அந்தக் கசப்பில் நியாயம் உண்டு. ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால், கையில் ஒன்றும் இல்லாதவர்கள்தாம் பெரும்பாலும் தங்கள் வாயைக் கட்டிப் பிராணியை வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஜெர்மனியில் போன் நகரத்துக்கு அருகே ஓபர்காசெல் என்னும் இடத்தில், 1914-ஆம் ஆண்டு கல் உடைக்கும் தொழிலாளிகள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாயின் எலும்புகள். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மனிதன் அப்போது ஏர் பிடித்தவன் இல்லை. ஆடு மாடு கட்டியவனும் இல்லை. அலைந்து திரிந்து வேட்டையாடித் தின்றவன். 2018-ஆம் ஆண்டில் அந்த நாயின் பற்களை மறுபடி ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். அது ஏழு மாதம்கூட நிரம்பாத குட்டி. அதன் பற்களில் கடும் நோயின் வடு இருந்தது. நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோயாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நோய் கண்ட குட்டிக்கு யாராவது தண்ணீர் புகட்டி, துடைத்து, குளிர் அண்டாமல் வைத்திருந்தாலொழியப் பல வாரம் உயிரோடு இருந்திருக்க முடியாது. அப்படி இருந்திருக்கிறது! வேட்டைக்கு உதவாத, காவலுக்கு உதவாத, நாளைக்குச் சாகப் போகிற ஒரு குட்டி. அதற்கு நாள்கணக்கில் பணிவிடை செய்தவர், அதனால் தமக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டிருப்பார்.

நம்மவர் சரித்திரத்துக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கள்வரோடு போரிட்டு மாண்ட ஒரு வீரனுக்காக நட்ட கல் அது. அவன் பக்கத்திலே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றதைக் கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் மண்ணோடு போய்விட்டது. கோவிவன் பெயர் இருக்கிறது.

இதையும் மிஞ்சியது கர்நாடகத்து ஆதக்கூர்க் கல்வெட்டு. கி.பி. 949-ஆம் ஆண்டு தக்கோலத்தில் நடந்த பெரும்போரை மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சோழ இளவரசன் ராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிரை விட்ட போர். அந்தப் போரில் சோழருக்கு எதிர்ப்பக்கம் நின்றவன் கங்க மன்னன் பூதுகன். அவனுடைய வீரன் மணலேரன் என்பவன் களத்தில் அருஞ்செயல் புரிந்தான். மகிழ்ந்துபோன மன்னன், "வேண்டியதைக் கேள்" என்றான். நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? பொன்னா, ஊரா? மணலேரன் கேட்டது மன்னனிடம் இருந்த 'காளி' என்ற வேட்டை நாயை! கேட்டபடியே பெற்றான். பின்னர் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு காளி மோதியது. பன்றியும் செத்தது, காளியும் செத்தது. ஆதக்கூரில் கோயிலின் முன்னே காளிக்குக் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள். தக்கோலப் போரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான சான்றுகளில் ஒன்று இந்த நாயின் கல்தான். சோழர் தோற்ற சேதியை ஒரு நாயின் நினைவுக்கல்லில் படிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சிறு வருத்தம். இருந்தாலும், பொன்னைக் கேட்காமல் நாயைக் கேட்ட மணலேரன்மீது கோபம் வர மாட்டேன் என்கிறது.

நிற்க. மன்னனும் வீரனும் வளர்த்தார்கள், அவர்களுக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். ஆகவே நம் வாசலுக்கு வருகிறேன். மலாக்கா நீரிணையில் நடந்த கதை இது.

ஜூடி என்பது பாயின்டர் இனத்துப் பெண் நாய். 1936-இல் ஷங்ஹாயில் பிறந்தது. பிரிட்டிஷ் கடற்படையின் சிறு போர்க்கப்பல்களில் மாலுமிகளோடு இருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழப்போகும் தறுவாயில், அது இருந்த 'கிராஸ்ஹாப்பர்' கப்பல் தெற்கே தப்பி ஓடியது. ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு அதை அழித்தன. பிழைத்தவர்கள் குடிதண்ணீர் இல்லாத ஒரு தீவில் ஒதுங்கினார்கள். அங்கே மண்ணைத் தோண்டி நல்ல நீர் ஊற்றைக் காட்டியது ஜூடிதான். பிறகு சுமத்ராவின் காடு மலையைக் கடந்து பாடாங் துறைமுகம் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் கடைசிக் கப்பலும் போய்விட்டது. எல்லாரும் பிடிபட்டார்கள். நாயும் கூடவே மேடான் நகரத்துக் குளுகுர் சிறைமுகாமுக்குப் போனது.

அந்த முகாமில்தான் 1942 ஆகஸ்டில் ஃபிராங்க் வில்லியம்ஸ் என்ற விமானப்படை வாலிபர் அதைப் பார்த்தார். கைதிக்கு ஒரு நாளைக்குக் கொடுத்த சோறு ஒரு பிடி. பசியில் அவனவன் புழுவையும் பல்லியையும் தேடிக்கொண்டிருந்த இடம் அது. வில்லியம்ஸ் தம் பங்குச் சோற்றை நாயின் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து ஜூடி அவரை விட்டு அகலவில்லை. காவலர் கைதிகளை அடிக்கும்போது ஜூடி குறுக்கே பாய்ந்து குரைக்கும். அதனால் சுட்டுக் கொல்லப்படும் ஆபத்து நித்தமும் இருந்தது. முகாம் தலைவர் ஒருநாள் மதுபோதையில் இருந்த சமயம் பார்த்து, ஜூடியின் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொல்லி, ஜூடியையும் போர்க்கைதியாகப் பதிவு செய்ய வைத்துவிட்டார் வில்லியம்ஸ். '81ஏ குளுகுர் மேடான்' என்பது அதன் எண். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் முறைப்படி பதிவான போர்க்கைதிப் பிராணி அது ஒன்றுதான்.

1944 ஜூன் மாதம் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றினார்கள். நாய் வரக்கூடாது என்பது உத்தரவு. வில்லியம்ஸ் அதை ஒரு சாக்குக்குள் அசையாமல் கிடக்கப் பழக்கி, மூட்டை போலத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் வெயிலில் நின்றார். சாக்கு ஒரு முனகல்கூட முனகவில்லை. 26-ஆம் தேதி, நம் நீரிணையிலேயே, உள்ளே கைதிகள் இருப்பது அறியாத பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அந்தக் கப்பலைத் தாக்கியது. 700-க்கும் மேற்பட்ட கைதிகள் உள்ளே. வில்லியம்ஸ் கப்பலின் வட்டச் சன்னல் வழியாக முதலில் நாயைக் கடலில் தள்ளிவிட்டார். பிறகு தாம் தப்பினார். தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு அருகே ஜூடி நீந்திப் போய்ப் பிடித்துக்கொள்ள இடம் கொடுத்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். சிங்கப்பூர் முகாமுக்குள் கால் வைத்த வில்லியம்ஸ், நாய் செத்திருக்கும் என்றே நினைத்திருந்தார். பின்னாலிருந்து எதுவோ முதுகில் வந்து மோதியது. திரும்பிப் பார்த்தால் எண்ணெயும் சேறுமாக ஜூடி!

அதற்கப்புறம் மீண்டும் சுமத்ரா. பெக்கன்பாரு ரயில் பாதை போடும் வேலை. சயாம் மரண ரயில் என்றாலே நம் வீடுகளில் இன்றும் ஒரு நொடி மௌனம் விழும். அதன் தங்கை போன்றது இந்தப் பாதை. சுமார் 220 கிலோமீட்டர். ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்ட் 15-ஆம் தேதியே அது முடிந்தது, யாருக்கும் உதவாமல். தோற்றத்தில் எலும்புக்கூடாகிவிட்ட வில்லியம்ஸ் பிற்காலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: அங்கே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கத் தமக்கு இருந்த காரணம் அந்த நாய். தாம் செத்தால் அதற்கு யார் என்ற கவலைதான் தம்மை எழுப்பி நடக்க வைத்தது.

ஜூடி ஊர் திரும்பி 1946-இல் டிக்கின் பதக்கம் பெற்றது. போரில் தொண்டு செய்த பிராணிகளுக்கு இங்கிலாந்தில் 1943 முதல் கொடுக்கும் பதக்கம் அது. பதக்கத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. முகாம்களிலிருந்து திரும்பி வராதவர்களின் வீடுகளுக்கு வில்லியம்ஸ் ஜூடியைக் கூட்டிக்கொண்டு போனார். மகனை இழந்த தாயிடம் மனிதன் என்ன பேச முடியும்? நாய்க்குப் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தார். தாத்தாவை 1943-இல் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை. அவர் வளர்த்த மணி என்ற செவலை நாய் லயத்து வாசலிலேயே கிடந்தது. அரிசி கண்ணில் படாத காலம், மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். பாட்டி தம் பங்கில் பிட்டு அதற்கும் போடுவார். அக்கம்பக்கத்தார் ஏசினார்கள். "ஏக்கா, புள்ளைங்களுக்கே பத்தல, அதுக்குப் போய்ப் போடுறியே." பாட்டி ஒரே பதில்தான் சொல்வாராம். "அது வந்து வாசல்ல நிக்கிறதாலதான் நான் அடுப்ப மூட்டுறேன்." இராத்திரி வேளையில் தாத்தாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த நாயிடம் சொல்லித் திட்டுவார் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். கங்காணியைப் பற்றி, கிழங்கு வெந்தும் வேகாததைப் பற்றி, "விட்டுட்டுப் போனியே" என்பதைப் பற்றி. நாய் காதை ஆட்டிக்கொண்டு கேட்டிருக்கும்.

மருத்துவர்கள் இதைக் கண்டுகொள்ள நாளாயிற்று. 1962-இல் நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற மனநல அறிஞர், யாரோடும் பேசாத ஒரு சிறுவன் தம் நாய் ஜிங்கிள்சோடு சகஜமாகப் பழகியதைப் பார்த்து எழுதினார். பலர் சிரித்தார்கள். 1980-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இருதய நோய் கண்டு சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கவனித்திருந்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் இறந்தவர் 3. வளர்க்காத 39 பேரில் இறந்தவர் 11. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைச் சொல்லவில்லை, ஆகவே நாளைக்கே மருந்தை நிறுத்திவிட்டு நாய்க்குட்டி தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள்! 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கையில் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நடுவே வேலை செய்யும் அதே சுரப்பு.

தோட்டங்கள் கைமாறி, லயங்களை இடித்து, நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிய கதை உங்களில் பலருக்கு நேரில் தெரியும். லோரியில் கட்டிலையும் சாமி படத்தையும் ஏற்றினோம். நாயை ஏற்ற இடமில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படி விட்டுப் போன நாய்கள் காலி லயத்தில் பல மாதம் திரிந்தன. பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி வாரம் இருமுறை பஸ் பிடித்துச் சோறு கொண்டுபோய்ப் போட்டு வந்தார். பஸ் காசு போக அவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. பெற்றோர்களே, மாடி வீட்டில் நாய் வைப்பது எல்லா இடத்திலும் முடிகிற காரியம் அல்ல, அண்டை அயலார் மனமும் பார்க்க வேண்டும். முடியாதென்றால் வாங்காதீர்கள். வாங்கினால், வீடு மாறும் நாளில் அதற்கும் லோரியில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

நான் ஓய்வு பெறும் முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாய் திக்கும். எழுந்து வாசிக்கச் சொன்னால் கண் கலங்கும். வீட்டில் அவன் ஒரு சாம்பல் நிறப் பூனைக்கு முன்னால் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பதாக அவன் அம்மா சொன்னார். "அது திருத்தாது டீச்சர், சிரிக்காது" என்றான் அவன். அந்த ஆண்டு பேச்சுப் போட்டியில் பெயர் கொடுத்தான், மூன்றாம் பரிசு வாங்கினான். பரிசளிப்பு விழாவுக்குப் பூனையையும் அழைத்து வரலாமா என்று அனுமதி கேட்டான். தலைமையாசிரியர் சிரித்தாரே தவிர முடியாது என்று சொல்லவில்லை. விழாவன்று மண்டபத்தின் பின்வரிசையில் அவன் அம்மா மடியில் ஒரு மூடிய கூடை இருந்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.