தாய்வீட்டுப் பிரசவமும் பிரெஞ்சுக் குடியுரிமையும்

பாட்டன் பிரெஞ்சுக்காரர் என்றால் பேரனும் பிரெஞ்சுக்காரர்தான் என்று புதுச்சேரியில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியினர் என்றால் பிள்ளையும் அப்படியே என்பதுதான் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பாட்டன் 1962க்குப் பிறகும் பிரெஞ்சுக்காரராக இருந்தாரா? வழக்குகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. குடியுரிமை மாறவில்லை. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானாலும், அல்ஜீரியப் போர் ஓயும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அது நடைமுறைக்கு வந்த நாள் 1962 ஆகஸ்ட் 16.

அன்று பிரெஞ்சிந்தியப் பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்கிய 'சொல்தா'க்கள் (பிரெஞ்சுப் படைவீரர்கள்) பலர் எழுதிக்கொடுத்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் எழுதவில்லை. சைகோனிலோ பாரீசிலோ குடியிருந்தவர்களுக்கு அறிவிப்பே தேவைப்படவில்லை. அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே தொடர்ந்தார்கள்.

இன்னொரு கூட்டத்தை ஒப்பந்தம் மறந்தேவிட்டது: பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிரெஞ்சு எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் வழக்கம். அந்தத் தாய்வீடு கடலூரிலோ விழுப்புரத்திலோ இருந்தால், பிள்ளை பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில். அந்தப் பிள்ளை 1962இல் வயதுவந்தவர் என்றால், புதுச்சேரியிலேயே வாழ்ந்திருந்தாலும், எதுவும் எழுதிக்கொடுக்காமலே பிரெஞ்சுக் குடியுரிமை அவரிடம் தங்கியது. சட்டம் வகுத்தவர்கள் நினைத்தே பார்த்திராத சலுகை இது.

'ரெனோன்சான்' (துறந்தவர்) குடும்பம் என்பதே போதும் என்ற நம்பிக்கையும் ஊரில் உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணை, இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழி செய்தது. லபோர்த் என்று பெயர் சூடிய புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளையின் வழி அது. ஆனால் 1956 ஒப்பந்த வாசகம் துறந்தவர், துறக்காதவர் என்று பிரிக்கவில்லை. பிரெஞ்சுக் குடும்பப்பெயர் மட்டும் குடியுரிமைக்குச் சான்றாகாது.

காலமும் எதிரிதான். குடியுரிமை தரும் முன்னோர் ஐம்பது ஆண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கி, விண்ணப்பதாரரும் அவருக்கு அந்தக் குடியுரிமையைத் தரக்கூடிய தாயோ தந்தையோ பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதே இல்லை என்றால், வம்சாவளியை நிரூபிக்கவே சட்டம் அனுமதிக்காது. 1962 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் அந்தக் கெடு 2012 ஆகஸ்டில் முடிந்தது. பழைய பாஸ்போர்ட், தூதரகப் பதிவு, எத்தா சிவில் (குடிமைப்) பதிவேட்டின் நகல் இவையே இப்போது குடும்பச் சொத்து.

வெளிநாட்டில் பிறந்து அங்கேயே வாழ்பவர்களின் குடியுரிமைச் சான்றிதழ் விண்ணப்பம் பாரீஸ் நீதிமன்றத்துக்குப் போகிறது. பதில் வர மாதங்கள் ஆகும். அதுவரை பிரான்சுக்குப் போவதென்றால் விசாதான். ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாளுக்கு மட்டும். உறவினரைப் பார்த்துவர அது போதும். நீண்டகாலப் பார்வையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணிநேரம் வேலை பார்க்கலாம். இளைஞர்களுக்கு இதுவே உகந்தது. விசா எடுப்பதால் வம்சாவளி உரிமை போய்விடாது. ஆனால் "என்னைப் பிரெஞ்சுக்காரராகவே நடத்தினார்கள்" என்ற வாதத்துக்கு அந்த முத்திரை உதவாது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் கைக்கு வந்தால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். பிறந்த தெருவில் வாழ்வதற்கும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டையோ இந்திய விசாவோ வேண்டும்.