புகைக்கொடியும் வால்வெள்ளியும்

இரணியசிங்கநல்லூர் என்ற நீண்ட பெயர் நாவில் தேய்ந்து இரணியல் ஆயிற்று என்பார்கள். ஒட்டிக் கிடக்கும் ஊருக்குச் சந்தை கூடும் கிழமையே பெயர்: திங்கள்சந்தை. பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஒன்று தேயும், அல்லது முதலில் கண்ணில் படுவதைப் பிடித்துக்கொள்ளும். வால்நட்சத்திரம் இரண்டாவது வகை. பார்த்தவர்களுக்கு வால் தெரிந்தது, பெயரும் வாலிலேயே நின்றுவிட்டது. அது சரியான இடத்தில்தான் நின்றதா என்பது என் நெடுநாளைய ஐயம்.

2024 அக்டோபர் நடுவில் ட்சுசின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் மாலை வானுக்கு வந்தபோது நாங்கள் சிலர் குளச்சல் கடற்கரைக்குப் போனோம். மேற்கே கடல்தான், மறைக்க மரமோ மாடியோ கிடையாது. தென்மேற்கில் தாழ வெள்ளி பளிச்சென்று நின்றது. அதற்கு வலப்பக்கம், சற்று உயரத்தில், ஒரு மங்கல். 17ஆம் தேதி முழுநிலவு என்பதால் கீழ்வானம் வெளுத்துக் கிடந்தது, கடற்கரை ஈரமும் சேர்ந்துகொண்டது. பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்த அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: “ஓய், வாலு எங்க?” நிலவில்லாத இருண்ட இடங்களில் எடுத்த படங்களில் அதற்கு நல்ல நீளமான வால் இருந்தது. ஆனால் அன்று அவர் கண்ணுக்குப் பட்டது வெறும் புகைமூட்டம். அவர் ஏமாந்தது வானத்தாலா பெயராலா என்று கேட்டால் பெயரால் என்றே சொல்வேன்.

அந்தப் பெயரைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பேச்சில் வால்நட்சத்திரம். எழுத்தில் வால்மீன், வால்விண்மீன் என்றும் வரும். ஈழத்தமிழர் வழக்கில் வால்வெள்ளி. எல்லை தாண்டினால் மலையாளத்திலும் வால்நட்சத்திரமே. தெலுங்கர் தோகச்சுக்க என்கிறார்கள். தோக என்றால் வால், சுக்க என்றால் விண்மீன். இந்திக்காரருக்குப் புச்சல் தாரா, அதுவும் வாலுடைய தாரகைதான். நாடு முழுவதும் ஒரே உறுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஈழத்து வால்வெள்ளி. சொல்ல எளிது, ஓசையும் நன்று. ஆனால் சங்கப் புலவர் ஒருவரிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் அவர் வேறு திசையில் பார்த்திருப்பார். வால் என்பதற்கு வெண்மை, தூய்மை என்ற பொருள் அன்று உயிரோடு இருந்தது. குறளின் இரண்டாம் பாட்டில் வரும் வாலறிவனுக்குத் தூய அறிவுதான் உண்டு. ஆகவே அவர் காதில் வால்வெள்ளி என்பது ‘வெண்மையான சுக்கிரன்’ என்றே விழுந்திருக்கும். குளச்சலில் நாங்கள் பார்த்த மாலையில் இரண்டு பொருளும் ஒரே வானத்தில் நின்றன.

பழைய தமிழ் இதற்கு வைத்திருந்த பெயர் புகைக்கொடி. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரையோடு நடக்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. சனி புகைந்தாலும், புகைக்கொடி தோன்றினாலும், வெள்ளி தென்திசைக்குப் போனாலும் காவிரி பொய்க்காது என்பது அங்கே சொல்லப்படும் செய்தி. புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலரும் (117ஆம் பாட்டு) ஏறக்குறைய இதே வரிசையை அடுக்குகிறார். அங்கே இருப்பது தூமம் என்ற சொல். அதை வெறும் புகை என்று கொள்வாரும் உண்டு, தூமகேது என்று கொள்வாரும் உண்டு. எப்படியானாலும் இரண்டு இடத்திலும் கவனிக்கத்தக்கது அந்த ‘உம்’. தோன்றினாலும் கேடு வராது என்பதற்காகவே அது பாட்டுக்குள் அழைக்கப்படுகிறது. அபசகுனம் என்ற நம்பிக்கை நாட்டில் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் ‘தோன்றினும்’ என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தப் பாட்டுகள் அந்த அச்சத்தை ஊதிப் பெருக்கவில்லை. பின்னால் வந்த பஞ்சாங்கக்காரர்கள் அந்த நிதானத்தைக் கடைப்பிடித்திருக்கலாம்.

புகைக்கொடியும் தூமகேதுவும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். தூமம் புகை. கேது என்பதற்கு வடமொழியில் ஒளி, அடையாளம், கொடி என்று பொருள். புகையைக் கொடியாக உடையது எது? தீ. தூமகேது என்பது அக்கினிக்கும் பெயர். எங்கோ தீ எரிகிறது என்பதைத் தொலைவிலிருந்து காட்டிக்கொடுக்கும் கொடி புகை என்பது அந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் படம். அது வானத்துக்கும் ஏறியது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் கேதுக்களுக்கென்று ஓர் இயலே உண்டு. கேதுக்கள் 101 என்பார் சிலர், 1000 என்பார் சிலர், ஒன்றே பல வடிவில் வருகிறது என்பார் நாரதர் என்று அவர் மூன்று கட்சியையும் எழுதிவைக்கிறார். சலகேது, பதுமகேது, சுவேதகேது என்று தனித்தனிப் பெயர்களும் அங்கே இருக்கின்றன. இன்று கோயில் நவக்கிரகத்தில் நிற்கும் கேது இந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்துபோன ஆள். சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டும் புள்ளிகளில் ஒன்றாக அவரை மாற்றிவிட்டார்கள். ராகுவோடு அவரைச் சேர்த்துச் சொல்லும் நமக்கு, கேது ஒருகாலத்தில் பன்மை என்பது மறந்தே போயிற்று.

கிரேக்கர்கள் இதில் கூந்தலைக் கண்டார்கள், நீள்முடியுடையது என்று பெயரிட்டார்கள். ‘காமெட்’ அதிலிருந்து வந்தது. சீனர்கள் துடைப்ப விண்மீன் என்றார்கள். தலைப்பகுதியைச் சுற்றிய மங்கலான ஒளிவட்டத்துக்கு இன்று கோமா என்று பெயர், அதற்கும் முடி என்றுதான் பொருள். மருத்துவமனைக் கோமா வேறு, அது ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் தனிச் சொல்.

வால் என்றால் விலங்கின் பின்னால் வரவேண்டும். இது எப்போதும் பின்னால் வருவதில்லை. 1531இல் தோன்றிய வால்நட்சத்திரத்தைப் (பின்னர் ஹாலி என்று அறியப்பட்டது இதுவே) பார்த்த பீட்டர் அப்பியான், வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீள்கிறது என்று எழுதினார். சீனர்கள் அதற்கும் முன்பே இதைக் கவனித்திருந்தார்கள். அப்படியானால் சூரியனை நெருங்கும்போது வால் பின்னால் இருக்கும், சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னால் போகும். முன்னால் போவதை வால் என்று அழைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கொடிக்கு அந்தச் சங்கடம் இல்லை, காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பறக்கும். 1951இல் லுட்விக் பியர்மன் என்ற ஜெர்மானியர் வால்நட்சத்திரங்களின் அயனி வாலை வைத்தே சூரியனிலிருந்து இடைவிடாமல் துகள்கள் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணித்தார். சூரியக் காற்று என்று இன்று சொல்கிறோமே, அதுதான். ஆட்கள் அனுப்பிய கருவிகள் அதை அளந்து உறுதிசெய்ததெல்லாம் அதற்குப் பிறகு.

புகையும் அப்படியே. சில கிலோமீட்டர் அகலமுள்ள, தூசும் பனிக்கட்டியும் கலந்த ஒரு கட்டி சூரியனை நெருங்குகிறது. சுமார் 45 கோடி கிலோமீட்டருக்குள் வந்ததும் அதிலுள்ள நீர்ப்பனி நன்றாக ஆவியாகத் தொடங்குகிறது. ஆவி தூசியை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. நாம் காணும் ஒளி பெரும்பாலும் அந்தத் தூசியும் ஆவியும். இளங்கோவடிகளுக்கு இது தெரிந்திருந்தது என்று நான் சொல்லவரவில்லை, அந்த வகை ஆராய்ச்சிக்கு நம்மிடம் ஆட்கள் ஏற்கெனவே அதிகம். கண்ணால் கண்டதை நேர்மையாகச் சொன்னவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வால்நட்சத்திரம் என்பதில் வாலும் தவறு, நட்சத்திரமும் தவறு.

புகை என்று கொண்டால்தான் இதன் ஒளி ஏன் ஒரு சொல்லுக்கும் கட்டுப்படாமல் கூடிக் குறைகிறது என்பதும் விளங்கும். ஒரு வெறும் பாறை சூரியனுக்குப் பாதித் தூரத்தில் வந்தால் அதன் ஒளி நான்கு மடங்காகும். வால்நட்சத்திரமோ பொதுவாகப் பதினாறு மடங்கு கூடும் என்று வைத்துக் கணக்கிடுவார்கள், ஏனென்றால் அருகே வரவர அது கூடுதலாகப் புகைகிறது. அந்தக் கணக்கும் அடிக்கடி பொய்க்கும். 1973இல் கண்டறியப்பட்ட கொகௌடெக் நூற்றாண்டின் வால்நட்சத்திரமாக ஒளிரும் என்று எதிர்பார்த்தார்கள், அவ்வளவு ஒளிரவில்லை. ட்சுசின்ஷான்-அட்லஸ் சூரியனை நெருங்குமுன்பே சிதைந்துவிடும் என்று அனுபவமிக்க ஓர் ஆய்வாளர் 2024 ஜூலையில் எழுதினார். அது செப்டம்பர் 27இல் சூரியனைச் சுற்றிக்கொண்டு நலமாக வந்து சேர்ந்தது. எதிர்த்திசையில் ஹோம்ஸ்: 2007 அக்டோபரில், சிறு தொலைநோக்கிக்கு எட்டாத மங்கலிலிருந்து இரண்டு நாளுக்குள் சுமார் ஐந்து லட்சம் மடங்கு ஒளிர்ந்து வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதும் வால் தெரியவில்லை. பெர்சியசு விண்மீன் கூட்டத்தில் நாளுக்கு நாள் பெருத்த ஓர் ஒளிவட்டம், அதுதான் ஹோம்ஸ்.

இந்த ஒளியை அளக்கும் பொலிவெண் அளவுகோலுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் சென்னையில் வாழ்ந்து சென்னையில் இறந்தவர். நார்மன் போக்சன் 1856இல், பொலிவெண்ணில் ஐந்து படி என்றால் ஒளியில் நூறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஒரு படிக்கு 2.512 மடங்கு வரும். எண் குறையக் குறைய ஒளி கூடும். 1861இல் அவர் சென்னை வானாய்வகத்துக்கு வந்தார், 1891இல் காலமாகும் வரை இங்கேயே இருந்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

போக்சன் பெயரில் ஒரு வால்நட்சத்திரமும் உண்டு. அதன் கதை வினோதமானது. பீலா என்ற வால்நட்சத்திரம் 1846இல் இரண்டாக உடைந்தது, 1852க்குப் பின் காணாமலே போயிற்று. 1872 நவம்பர் 27இல் அதன் பாதையைப் பூமி கடந்தபோது எரிகற்கள் மழையாகக் கொட்டின. கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் சென்னைக்குத் தந்தி அடித்தார்: பீலா பூமியைத் தொட்டுச் சென்றிருக்கிறது, தென்வானில் செண்டாரசுப் பக்கம் தேடுங்கள். டிசம்பர் 2, 3 தேதிகளில் விடிவதற்குமுன் போக்சன் உண்மையிலேயே ஒன்றைக் கண்டார். முதல் நாள் வால் இல்லாத வட்டம், மறுநாள் மங்கலான சிறு வால். பின்னர் மேகம் மூடிவிட்டது. பாதை கணிக்கக் குறைந்தது மூன்று இடக்குறிப்பாவது வேண்டும், அவர் கையில் இரண்டு நாள்தான் இருந்தது. கணக்குப் பார்த்தவர்கள் அது பீலா அல்ல என்றார்கள். இன்று அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1 போக்சன். முதலில் நிற்கும் எக்ஸ், பாதை அறியப்படாதது என்பதற்கான குறி.

நம் பக்கத்து வானாய்வகம் திருவனந்தபுரத்தில் இருந்தது. இரணியல் அன்று திருவிதாங்கூர், 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். சுவாதித் திருநாள் 1837இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தை முதலில் நடத்தியவர் ஜான் கால்டெகாட், ஆலப்புழையில் வணிக முகவராக இருந்தவர். 1843இல் பட்டப்பகலிலேயே தெரிந்த பெரும் வால்நட்சத்திரம் வந்தபோது அவர் அதை அங்கிருந்து நோக்கிக் குறிப்பெடுத்தார். எட்டு பாகை அகலக்கோட்டில் இருப்பதில் இந்த வேலைக்கு ஒரு வசதி உண்டு. இங்கே சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குகிறது, அந்தி சீக்கிரம் இருட்டிவிடும், வட வானமும் தென் வானமும் இரண்டுமே கைக்கு எட்டும். இடைஞ்சல் இரண்டு பருவமழை.

ஆட்பெயர் சூட்டும் வழக்கம் ஹாலியிலிருந்து வேரூன்றியது. கண்டவர் பெயரை வைப்பது பிறகு விதியாயிற்று. அந்த விதிப்படி ஓர் இந்தியர் பெயர் ஏறியது 1949 ஜூலையில்: பாப்பு-பாக்-நியூகிர்க். சென்னையில் பிறந்த வைணு பாப்பு அப்போது ஹார்வர்டில் மாணவர், பாக் அவருடைய ஆசிரியர். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் உருவாகக் காரணமானவரும் பாப்புவே. இப்போது பெயர் ஏறுவது பெரும்பாலும் இயந்திரங்களுக்கு. அட்லஸ், பான்ஸ்டார்ஸ், சோஹோ. இந்தச் சோஹோ தென்காசிப் பக்கத்து மென்பொருள் நிறுவனம் அல்ல, சூரியனை நோக்கும் விண்கலம். அதன் படங்களில் மட்டும் 5000க்கு மேல் வால்நட்சத்திரங்கள் அகப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். பன்மையான பழைய கேதுவின் நிலைமைக்கே திரும்பிவிட்டோம்.

ஒளியைக் குறித்துவைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பைனாகுலரும் விண்மீன்களின் பொலிவெண் குறித்த படமும் போதும். புள்ளியாகத் தெரியும் விண்மீனையும் பரந்து கிடக்கும் மங்கலையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆகவே குவியத்தைக் கலைத்து, விண்மீனையும் அந்த மங்கலின் அளவுக்கு வட்டமாக்கி, இரண்டில் எது தூக்கலாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். இதைவிடத் தூக்கல், அதைவிட மங்கல் என்று இரண்டு விண்மீன்களுக்கு நடுவே நிறுத்தினால் எண் கிடைத்துவிடும். குறிப்பில் எழுதவேண்டியவை: தேதியும் நேரமும், பொலிவெண், கோமாவின் அகலம், அது எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதற்கு 0 முதல் 9 வரை ஓர் எண். சீராகப் பரவிக் கிடந்தால் 0, விண்மீன்போல் கூர்ந்திருந்தால் 9. ஒருவகையில் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறோம். வாலின் நீளமும் திசையும் கடைசிக் கட்டம். தெரியாவிட்டால் அதைக் காலியாக விட்டாலும் குறிப்பு செல்லும்.